ஏரியில ட்ரவுட் மாட்டலையா? கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

இது ஃப்ளை ஃபிஷிங் பத்தி, அதாவது ஹூக்ல இறகு, நூல் எல்லாம் கட்டி பூச்சி மாதிரி செஞ்ச தூண்டிலை (அதுதான் ஃப்ளை) வீசி ட்ரவுட் மீன் பிடிக்கிறது. ஸ்டாக் பண்ண ஏரியில ஒரு வசதி என்னன்னா, மீன் இருக்கா இல்லையாங்கிற சந்தேகமே கிடையாது, கொண்டு வந்து விட்டிருக்காங்க, உள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கு. அப்ப ஒண்ணும் மாட்டலைன்னா கோளாறு நம்ம பக்கம்தான். ஆனா முக்காவாசி பேர் மாட்டலைன்னதும் முதல்ல செய்றது ஃப்ளை டப்பாவைத் திறக்குறது. கறுப்பு போடுவாங்க, அது சரியில்லன்னு பச்சை, அப்புறம் ஆரஞ்சு, முடிச்சு போட்டே மதியம் ஆயிடும். பக்கத்துல நின்னு பார்த்தா ஃப்ளை கலர் காரணமா இருக்குறது ரொம்ப அபூர்வம், ஃப்ளை தப்பான ஆழத்துல போயிட்டு இருக்கும், இல்ல தப்பான வேகத்துல போயிட்டு இருக்கும், இல்லன்னா ஹூக் முனை மழுங்கிப் போயிருக்கும்.

உங்களுக்கு என்ன நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் செலவே இல்லாத காரணம் முதல்ல, காசு கேக்குறது கடைசில.

## காலையில இருந்து ஒரு கொத்து கூட இல்ல

முதல்ல ஃப்ளையை கைக்கு கொண்டு வந்து பாருங்க. சிரிக்காதீங்க. ஹூக்ல ஒரு நூலளவு பாசி தொங்கினா போதும், ட்ரவுட் கிட்ட வராது. லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற மெல்லிசு நரம்பு) ஃப்ளை மேலேயே சுத்தியிருக்கலாம், பின்னாடி கல்லுல அடிச்சு ஹூக் முனையே ஒடஞ்சு போயிருக்கலாம், வெறும் இறகை மட்டும் ஒரு மணி நேரமா வீசிக்கிட்டு இருப்போம். பத்து வீச்சுக்கு ஒருக்கா இதைப் பாக்குற பழக்கம் வந்துட்டா பாதி நாள் மிச்சம்.

அடுத்து நிக்கிற இடம். புதுசா விட்ட மீனா இருந்தா, விட்ட இடத்துக்குப் பக்கத்துலயே கூட்டமா கொஞ்ச நாள் சுத்தும், கரையை ஒட்டியே ரவுண்டு அடிக்கும். அப்படி இருக்குறப்ப இடுப்பளவு தண்ணில இறங்கி நடு ஏரியைப் பார்த்து வீசினா மீன் நம்ம முதுகுக்குப் பின்னாடி போயிட்டு இருக்கும். தண்ணில கால் வைக்குறதுக்கு முன்னாடி கரையில இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு, விளிம்பை ஒட்டியே விசிறி மாதிரி இடமும் வலமும் வீசிப் பாருங்க. அதுலயும் இல்லன்னா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, மேல்தண்ணியில இருக்குற பூச்சி, தீனி எல்லாத்தையும் காத்து ஒரு கரைக்குத் தள்ளிட்டுப் போயிடும், மீனும் அங்கதான் போகும். முகத்துல காத்து அடிக்கிற கரையில நின்னு வீசுறது கஷ்டம்தான், அதனாலேயே அங்க ஆள் இருக்க மாட்டாங்க, அதுவும் ஒரு லாபம்.

இடம் சரின்னா ஆழம். இதுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும். ஃப்ளை எந்த ஆழத்துல போகுதுன்னு கேட்டா நிறைய பேருக்கு பதில் தெரியாது, "கொஞ்சம் கீழ"ம்பாங்க. எண்ணணும். ஃப்ளை தண்ணில விழுந்ததும் மனசுக்குள்ள செகண்ட் எண்ணுங்க. முதல் வீச்சுல அஞ்சு எண்ணிட்டு இழுங்க, அடுத்ததுல பத்து, அப்புறம் இருபது, முப்பதுன்னு போங்க. ஃப்ளை பாசியைத் தொட்டு வந்துச்சுன்னா தரை வந்துடுச்சுன்னு அர்த்தம், அதுல இருந்து அஞ்சு குறைச்சுக்கோங்க. ஒரு கொத்து விழுந்த எண்ணிக்கையை மட்டும் மறந்துடாதீங்க, அடுத்த மீனும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையிலதான் கிடைக்கும்.

எண்ணுறதுக்கு கையில இருக்குற லைன் எவ்வளவு வேகமா மூழ்கும்னு தெரியணும். இன்டர்மீடியட் லைன் செகண்டுக்கு 1 இன்ச்ல இருந்து 1.5 இன்ச் வரைக்கும்தான் இறங்கும், அதாவது அஞ்சு அடி போறதுக்கு நாப்பது செகண்டுக்கு மேலயே ஆகும், நாம பத்து செகண்ட்ல இழுக்க ஆரம்பிச்சா ஒரு அடி ஆழம்தான். நம்பர் 3 சிங்கிங் லைன் (மூழ்குற லைன்) செகண்டுக்கு 3 இன்ச், நம்பர் 7 லைன் 7 இன்ச். ஃப்ளோட்டிங் லைன் (மிதக்குற லைன்) மட்டும்தான் இருக்குன்னா புதுசா லைன் வாங்க ஓட வேண்டாம், லீடரை 15 அடி வரைக்கும் நீட்டி, முனையில மணி வச்ச கனமான ஃப்ளை ஒண்ணு கட்டி, பொறுமையா எண்ணினா ஆறேழு அடி வரைக்கும் சமாளிக்கலாம். அதுக்குக் கீழதான் மீன் இருக்குன்னு உறுதியானா சிங்கிங் லைனுக்கு காசு செலவு பண்றதுல அர்த்தம் இருக்கு.

எந்த ஆழத்துல தொடங்குறதுன்னு ஒரு யூகம் வேணும்னா, சுள்ளுன்னு வெயில் அடிச்சா கீழ, மேகமா இருந்தாலோ சாயங்காலம் ஆனாலோ மேல. டாஃப்னியாங்கிற பொடிப் பொடி பூச்சிக் கூட்டம் வெளிச்சத்துக்கு பயந்து கீழ போகும், இருட்ட இருட்ட மேல வரும், அதைத் தின்னுற ரெயின்போ ட்ரவுட்டும் கூடவே ஏறி இறங்கும்.

ஆழம் தேடியாச்சு, இன்னும் இல்லையா, வேகத்தை மாத்துங்க. வெறும் "வேகமா, மெதுவா" இல்ல, ரெண்டு எல்லைக்கும் போங்க. தண்ணி ஜில்லுன்னு இருந்தா விரல்ல எட்டு போடுற மாதிரி லைனை சுருட்டி சுருட்டி, ஃப்ளை நகருதா இல்லையான்னே தெரியாத அளவுக்கு மெதுவா. புதுசா விட்ட மீனுக்கு நேரெதிரா, ராடை கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி நிக்காம இழுக்குறது. நடுவுல இருக்குற அந்த "ஒரு அடி இழு, நிறுத்து, ஒரு அடி இழு" எல்லாரும் பண்றது, அந்த ஏரி மீன் எல்லாம் அதைப் பார்த்து சலிச்சிருக்கும்.

இப்பதான் ஃப்ளை. புது மீன்னா பளிச்சுன்னு வால் ஆடுற லூர் (இழுத்துப் பிடிக்கிற பெரிய ஃப்ளை), நாள்பட்ட மீன்னா 12, 14 நம்பர் ஹூக்ல கறுப்பு பஸ்ஸர் (கொசு மாதிரி ஏரிப் பூச்சியோட கூட்டுப்புழு), டேம்சல் நிம்ஃப் (ஊசித்தட்டானோட இளம்பூச்சி), இல்ல டியாவுல் பாக், ஹேர்ஸ் இயர்ங்கிற நிம்ஃப் வகை ஃப்ளை, இதுக்கு மேல டப்பாவுல இருக்குறதெல்லாம் நம்ம ஆசைக்கு.

தண்ணி சூடு. தெர்மாமீட்டரை கயித்துல கட்டி இறக்கிப் பாருங்க. 10ல இருந்து 16 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ட்ரவுட் நல்லா தின்னும். 20ஐ தாண்டிடுச்சுன்னா தண்ணில ஆக்ஸிஜன் குறைஞ்சுடும், மீன் மூச்சு விடவே பாடுபட்டுட்டு இருக்கும், ராடை மடக்கி வச்சுட்டு விடியற்காலை வாங்க. இதுக்கு எந்த ஃப்ளையும் மருந்து இல்ல.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ரெண்டு மூணு தடவை போயும் இதெல்லாம் செஞ்சும் ஒண்ணுமில்ல, ஆனா பக்கத்துல நிக்கிறவங்க பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னா, ஏரியைப் பாத்துக்கிற ஆளுங்ககிட்ட கடைசியா எப்ப மீன் விட்டாங்க, எந்தப் பக்கம், எந்த ஆழத்துல எடுக்குதுன்னு கேளுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சொல்லுவாங்க. அதுக்கும் மேல வேணும்னா அந்த ஏரி தெரிஞ்ச கைடு ஒருத்தரோட அரை நாள். பெட்டி நிறைய ஃப்ளை வாங்குறதை விட அந்தக் காசு நல்லா வேலை செய்யும்.

## மீன் கண்ணு முன்னாடி எழும்புது, என் ஃப்ளையை மட்டும் தொடல

இது மனுஷனை பைத்தியமாக்குற பிரச்சனை. முதல்ல வீசுறதை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் எழும்புறதை மட்டும் பாருங்க.

*முதுகும் வாலும் மட்டும் வளைஞ்சு தெரிஞ்சு உள்ள போகுது, நீர்க்குமிழி எதுவும் மிஞ்சல:* மேல் படலத்துக்கு ஒரு இன்ச் ரெண்டு இன்ச் கீழ தொங்குற பூச்சியை எடுக்குது, பெரும்பாலும் பஸ்ஸர். மிதக்குற ஃப்ளை போட்டா வேலைக்காகாது, எடை இல்லாத சின்ன பஸ்ஸரை ஃப்ளோட்டிங் லைன்ல கட்டி, இழுக்காம காத்துல லைனை அதுபாட்டுக்கு மிதக்க விடுங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா லைன் தொய்வை மட்டும் எடுத்துக்கிட்டே இருங்க.

*மூக்கு தெரியுது, குமிழி ஒண்ணு மிஞ்சுது:* மேல இருக்குற பூச்சியையே எடுக்குது, அப்ப ட்ரை ஃப்ளை, அதாவது மேல மிதக்குற ஃப்ளை.

*பளார்னு தண்ணி தெறிக்குது:* தண்ணி மேல ஓடுற செட்ஜ் பூச்சி. இதுல மட்டும் ஃப்ளையை லேசா இழுத்து விட்டா பலன் உண்டு.

*கரையோரம் தண்ணி உப்பி வர்ற மாதிரி கோடு போட்டு வருது:* சின்ன மீன் கூட்டத்தையோ, நாணலைப் பார்த்து நீந்துற டேம்சல் நிம்ஃபையோ துரத்துது.

சரியான வகையைப் போட்டும் எடுக்கலைன்னா லீடரைப் பாருங்க. காத்தில்லாத நேரம் லீடர் கடைசி மூணு அடி தண்ணி மேல மிதந்தா கண்ணாடியில விழுந்த கீறல் மாதிரி கீழ இருந்து பளிச்சுன்னு தெரியும். ஃபுல்லர்ஸ் எர்த் மண்ணுல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் குழைச்சு அந்தப் பகுதியை உருவி விட்டா மூழ்கிடும், அதுவும் இல்லன்னா கரை சேறே போதும். இன்னும் இல்லைன்னா ஹூக்கை ஒரு சைஸ் சின்னதாக்குங்க, 14 போட்டிருந்தா 16. டிப்பெட் (லீடரோட கடைசி மெல்லிசு பகுதி) மாத்துறது இதுக்கும் அப்புறம்தான்.

ஃப்ளூரோகார்பன் டிப்பெட் வாங்கலாமான்னு கேப்பீங்க. பஸ்ஸருக்கு, நிம்ஃபுக்கு வாங்கலாம், அது நைலானை விட கனம், தானா மூழ்கும். ட்ரை ஃப்ளைக்கு நைலானே நல்லது, ஃப்ளூரோகார்பன் கட்டினா அது சின்ன ஃப்ளையை கூடவே கீழ இழுத்துட்டுப் போயிடும்.

## ஃப்ளை பின்னாடி வருது, கிட்ட வந்து திரும்பிடுது

பின்னாடி வருதுன்னாலே ஆழமும் ஃப்ளையும் ஓரளவு சரி. அதனால டப்பாவைத் தொடாதீங்க. அதே வேகத்துல ஓடிக்கிட்டு இருந்த ஃப்ளை திடீர்னு வேற ஏதாவது செஞ்சாதான் மீன் வாய் திறக்கும். ரெண்டு தடவை சட்டுன்னு வேகமா இழுங்க, இல்ல அப்படியே நிறுத்துங்க. கடைசி பதினஞ்சு அடியில ராட் முனையை மெதுவா தூக்கி, ஃப்ளையை மேல கொண்டு வந்து ஒரு பத்து செகண்ட் அங்கேயே தொங்க விடுங்க. பலபேர் அடுத்த வீச்சுக்கு அவசரப்பட்டு பிடுங்கிடுறாங்க, மீன் அங்கதான் நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும். ஃப்ளோட்டிங் லைன்ல பண்றதை விட சிங்கிங் லைன்ல இது இன்னும் நல்லா எடுபடும், ஏன்னா ஃப்ளை கீழ இருந்து மேல ஏறி வந்து நிக்கும்.

அப்பவும் திரும்புதுன்னா வால் நீளத்தைக் குறைங்க, இல்ல அதே கலர்ல சின்னது.

## கொத்து தெரியுது, மாட்ட மாட்டேங்குது

ஹூக் முனையை நகத்துல வச்சு லேசா இழுங்க. பிடிச்சு நின்னா கூர், வழுக்கினா மழுங்கல். தீட்டுங்க, இல்ல தூக்கிப் போடுங்க. ஒரு பைசா செலவில்லாத செக் இது, இருந்தும் கடைசியாதான் பாக்குறாங்க.

ராட் முனை எங்க இருக்குன்னு பாருங்க. முனை மேல தூக்கி இருந்தா அங்க இருந்து தண்ணி வரைக்கும் லைன் தொட்டில் மாதிரி தொங்கும், மீன் எடுத்துத் துப்பின பிறகுதான் நம்ம கைக்குத் தெரியும். முனை தண்ணியைத் தொடுற அளவுக்கு தாழ்த்தி, லைனை நேரா அதோட கோட்டுல வைங்க.

டக் டக்னு சின்னச் சின்ன இடியா வருதா? வால் பக்கம் கடிக்குது. உடனே ராடைத் தூக்காதீங்க, தூக்கினா ஃப்ளை அதோட வாயை விட்டே போயிடும். இழுத்துக்கிட்டே இருங்க, கனம் தெரிஞ்ச பிறகு கையால லைனை நீளமா ஒரு இழுப்பு. லூர் போட்டிருந்தா இதுல பாதி கொத்து மீனா மாறிடும்.

கொத்தே கைக்குத் தெரியல, ஆனா ஃப்ளை மூழ்குறப்ப லைன் லேசா ஓடுதா? பஸ்ஸர் போட்டு சும்மா விட்டிருக்குறப்ப இப்படித்தான் எடுக்கும். ராட் முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல தொங்குற லைன் வளைவைப் பாத்துக்கிட்டே இருங்க, அது நிமிர்ந்தா தூக்குங்க. கையை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க.

## மாட்டுது, பாதியில கழண்டுடுது

திரும்பி வந்த முனையைப் பார்த்தாலே காரணம் தெரிஞ்சுடும்.

ஃப்ளை இருக்கு, ஹூக் நிமிர்ந்திருக்கு: கம்பி மெல்லிசு, இல்ல நாம ரொம்ப முரட்டுத்தனமா இழுத்திருக்கோம். வளைச்சு நேராக்கி மறுபடி போடாதீங்க, அடுத்த மீன்ல ஒடஞ்சுடும்.

ஃப்ளை இருக்கு, ஹூக் நல்லா இருக்கு: லைன் எங்கேயோ தொய்ஞ்சிருக்கு. ட்ரவுட் நம்மைப் பார்த்து ஓடி வர்றப்பதான் இது நடக்கும், அந்த நேரத்துல ரீலைச் சுத்திக்கிட்டு இருந்தா முடிஞ்சுது, கையால மளமளன்னு லைனை இழுத்து காலடியில போடுங்க, அப்புறம் சுத்திக்கலாம். முள்ளில்லாத ஹூக்ல (முனைக்குப் பின்னாடி எதிர்முள் இல்லாதது) இது ரொம்பவே முக்கியம். மீன் துள்ளுறப்ப மட்டும் ராட் முனையை சட்டுன்னு தாழ்த்திட்டு, விழுந்ததும் மறுபடி டைட் பண்ணுங்க.

கைவலை கிட்ட வந்து போகுது: வலையை வச்சு மீனைத் துரத்துறோம். வலையை முன்கூட்டியே தண்ணிக்குள்ள முக்கி வச்சுட்டு, தலை தண்ணிக்கு மேல வந்த மீனை அதுக்கு மேல வழுக்கிட்டு வந்து தூக்கணும். ராடை செங்குத்தா பின்னாடி சாய்ச்சு மீனைக் கிட்ட இழுக்காதீங்க, ராட் முனை ஒடையுறதுல நிறைய இப்படித்தான்.

ஃப்ளையே இல்ல: அடுத்த தலைப்பு.

## டிப்பெட் அறுந்துடுது

அறுந்த முனையை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிங்க.

*பன்னிவால் மாதிரி சுருண்டிருக்கா?* அறுந்தது இல்ல, முடிச்சு நழுவினது. க்ளிஞ்ச் முடிச்சுக்கு அஞ்சாறு சுத்து கொடுங்க, எச்சில்ல நனைச்சு நிதானமா இறுக்குங்க, நுனியை ஒட்ட வெட்டாம ஒரு மில்லிமீட்டர் விடுங்க. காய்ஞ்ச ஃப்ளூரோகார்பனை வெடுக்குன்னு இறுக்கினா உரசல் சூட்டுலயே அது கெட்டுடும்.

*முனை சொரசொரன்னு வெள்ளையா இருக்கா?* கல்லு, கட்டை, இல்ல மீன் பல்லு. கடைசி ரெண்டு அடியை விரலால தடவிப் பாத்து வெட்டிப் போட்டுட்டு மறுபடி கட்டுங்க. திரும்பத் திரும்ப ஆகுதுன்னா ராட் வளையங்கள்ல பழைய நைலான் துணியைச் சுருட்டி உருவிப் பாருங்க, எங்க சிக்குதோ அந்த வளையத்துல பள்ளம் விழுந்திருக்கு. அது லைனையும் அறுத்துக்கிட்டு இருக்கும். வளையம் மாத்துறது ராட் ரிப்பேர் ஆளோட வேலை, சூப்பர் க்ளூ வேலை இல்ல.

*சுத்தமா நேரா துண்டிச்சிருக்கா?* தாங்குற அளவுக்கு மேல இழுத்திருக்கோம். ரீல் ட்ராக் (லைன் வெளிய ஓடுறதைப் பிடிச்சு நிறுத்துற பிரேக்) எவ்வளவு டைட்னு பாருங்க, கையால லைனை இழுத்தா முனகாம வரணும். ஸ்டாக் பண்ண ஏரிக்கு 5, 6 பவுண்டு டிப்பெட் பொதுவா போதும், பெரிய மீன் விடுற இடம்னா 8. ரெண்டு ஃப்ளை கட்டி, மீன் ஒண்ணுல மாட்டி, இன்னொண்ணு பாசியில மாட்டினாலும் இப்படித்தான் போகும்.

*ஃப்ளை கிட்ட இல்லாம லீடர் நடுவுல அறுந்திருக்கா?* அங்க ஒரு குட்டி முடிச்சு தானா விழுந்திருக்கும். கீழ பாருங்க.

## லீடர்ல தானா முடிச்சு விழுது, எல்லாம் சிக்காகுது

காத்து மேல பழி போடுறது வழக்கம். காத்து அவ்வளவு கெட்டிக்காரத்தனமா முடிச்சு போடாது, இது நம்ம வீச்சு. முன்னாடி வீசுறப்ப ஆரம்பத்துலயே பலத்தை மொத்தமா கொடுத்தா ராட் முனை தாழ்ந்து, லைனோட மேல்பாதி கீழ்பாதியைக் குறுக்க வெட்டிக்கும், அங்கதான் முடிச்சு. அந்த ஒரு முடிச்சு டிப்பெட் பலத்துல பாதி வரைக்கும் தின்னுடும், அதனால பாத்ததும் அவுங்க, இறுகிப் போயிருந்தா வெட்டுங்க.

சரி பண்ற வரிசை: முதல்ல ரெண்டு மூணு ஃப்ளையை ஒண்ணாக்குங்க. அடுத்து வீச்சுத் தூரத்தை மூணுல ஒரு பங்கு குறைங்க. அப்புறம் பேக் காஸ்ட் (பின் வீச்சு) முடிஞ்சு லைன் பின்னாடி நிமிர்ற வரைக்கும் நில்லுங்க, தலையைத் திருப்பி கண்ணால பாருங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. காத்திருக்குற நேரத்துல கை தன்னால முன்னாடி நகருதான்னு கவனிங்க, இந்தக் கள்ளத்தனமான நகர்வுதான் பாதி பேருக்கு வியாதி. முன் வீச்சு மெதுவா தொடங்கி கடைசியில சட்டுன்னு நிக்கணும்.

பின்னாடி சவுக்கு மாதிரி "படார்"னு சத்தம் வந்து ஃப்ளை காணாமப் போகுதா? லைன் நிமிர்றதுக்குள்ள முன்னாடி வீசிட்டீங்க. அதே மருந்துதான், காத்திருங்க.

ஃப்ளை தனியா தொங்கவே மாட்டேங்குது, பக்கத்து லைன்லயே சுத்திக்குதா? ட்ராப்பர் (கூடுதல் ஃப்ளை கட்டுற பக்கக் கிளை) நீளம் ஆறு இன்ச்சுக்கு மேல இருந்தா குறைங்க. ஃப்ளைக்கு ஃப்ளை நாலஞ்சு அடி இடைவெளி விடுங்க. ரெண்டு நரம்பை இணைக்கிற வாட்டர் முடிச்சுல ரெண்டு நுனி மிஞ்சும் இல்லையா, அதுல கீழ ஃப்ளை பக்கம் பாக்குற நுனியில ட்ராப்பரைக் கட்டணும், அதுதான் மேல இருந்து வர்ற லீடரோட தொடர்ச்சி, மீன் இழுத்தா தாங்கும்.

ஒரு சீசன் பூரா இதெல்லாம் பாத்தும் முடிச்சு விழுந்துக்கிட்டே இருந்தா காஸ்டிங் சொல்லிக்கொடுக்குறவர்கிட்ட ஒரு மணி நேரம் போங்க. தன் வீச்சைத் தானே பாக்க முடியாது, வீடியோ எடுத்தாலும் எதைப் பாக்கணும்னு தெரியாது. புது ராட் வாங்கினா சரியாயிடும்னு கடையில சொல்லுவாங்க, ஆகாது.

## லைன் தூரம் போகல

வளையத்துல ஒண்ணு விட்டுப் போச்சா, இல்ல லைன் ராடைச் சுத்தி ஒரு சுத்து சுத்தியிருக்கா? பாத்துடுங்க. காலை அவசரத்துல இது எல்லாருக்கும் நடக்கும்.

லைன் கீழ ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்குதா? ரீல்ல கிடந்த ஞாபகம். ரெண்டு பேரா ஆளுக்கொரு முனையில பிடிச்சு, இல்ல ஒரு மரத்துல சுத்தி, நிதானமா இழுத்துப் பிடிங்க.

லைனை விரல்ல பிடிச்சு உருவினா கறுப்பா அழுக்கு வருதா? வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு சோப்பு, ஈரத்துணியில உருவி, நல்ல தண்ணில அலசி, காய வைங்க. இதுல கிடைக்கிற தூரம் ஆச்சரியமா இருக்கும். அப்படியே உருவுறப்ப வெடிப்பு தட்டுப்பட்டா அந்த லைன் ஆயுசு முடிஞ்சுது, கழுவினாலும் ஓடாது. கொசு மருந்துல இருக்குற டீட், சன்ஸ்க்ரீன் ரெண்டும் லைன் மேல இருக்குற பிளாஸ்டிக்கைத் தின்னும், தடவின கையைக் கழுவிட்டு லைனைத் தொடுங்க.

ராட் நம்பரும் லைன் நம்பரும் ஒண்ணா? கைப்பிடிக்கு மேல 7னு எழுதியிருந்தா லைனும் 7. லைன் நம்பர்ங்கிறது முதல் 30 அடியோட எடையை வச்சுக் கொடுக்குறது, அதனால அந்த 30 அடி ராட் முனையைத் தாண்டி வெளிய இல்லன்னா ராட் முழுசா வளையாது, எவ்வளவு முக்கினாலும் லைன் தூரம் போகாது.

இன்னொண்ணு, எவ்வளவு தூரம் போகலைன்னு கவலைப்படுறீங்க? பதினஞ்சு கெஜம் ஒழுங்கா விழுந்தா ஸ்டாக் பண்ண ஏரியில மீன் பிடிக்கப் போதும். போட்டி வீசுறவங்களைப் பாத்து நாம ஏங்க வேண்டியதில்ல.

## ட்ரை ஃப்ளை மூழ்கிடுது

மீன் ஒண்ணு பிடிச்ச பிறகுன்னா சளி ஒட்டியிருக்கு, தண்ணில அலசி, துணியில ஒத்தி எடுத்து, ஃப்ளையைக் காய வைக்கிற பவுடர்ல போட்டு குலுக்கினா மறுபடி நிக்கும். புதுசுலயே மூழ்குதுன்னா மிதக்கிறதுக்காகத் தடவுற ஜெல் அளவுக்கு மீறிப் போயிருக்கும், அரிசி மணியளவு போதும். வாத்து இறகுல கட்டின ஃப்ளைக்கு ஜெல் வேண்டவே வேண்டாம், இழை எல்லாம் ஒட்டிக்கும்.

## ராட் துண்டு கழண்டு வருது, இல்ல பிரிய மாட்டேங்குது

கழண்டு வந்தா உள்ள நுழையுற ஆண் பக்கத்துல மெழுகுவத்தியை லேசா தடவிட்டு, வளையங்களைக் கால் திருப்பு தள்ளி வச்சு, அழுத்திக்கிட்டே நேராக்குங்க. நாள் நடுவுல அப்பப்ப தொட்டுப் பாருங்க, தளர்ந்த நிலையில வீசினா இணைப்புலேயே பிளந்துடும்.

பிரியலைன்னா வளையத்தைப் பிடிச்சு முறுக்கவே முறுக்காதீங்க. குந்தி, ராடை முழங்கால் மடிப்புக்குப் பின்னாடி வச்சு, ரெண்டு கையாலயும் இணைப்புக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு, முழங்காலை விரிச்சு வெளிப்பக்கமா தள்ளுங்க. முடியலைன்னா ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு கை ரெண்டு துண்டுலயும். ஐஸ் வச்சு குளிர்விச்சுட்டு மறுபடி. அப்பவும் வரலைன்னா அப்படியே ராட் ரிப்பேர்க்கு, குறடு எடுத்தா கார்பன் நொறுங்கிடும்.

## வேடர்ல தண்ணி ஏறுது

வேடர்ங்கிறது தண்ணில இறங்கி நிக்கப் போடுற நீர்புகா பேண்ட். உள்ள முழுக்க ஒரே மாதிரி ஈரமா? வேர்வை, ஓட்டை இல்ல. ஒரு கால், ஒரு இடம்னா ஓட்டை. உள்பக்கத்தை வெளிய திருப்பி, மூச்சு விடுற துணி வகைன்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே பண்ணுங்க, ஓட்டை இருக்குற இடம் கரும்புள்ளியா தெரியும், சுத்தி பேனாவால வட்டம் போட்டு, காய விட்டு, வேடர் பசையை வச்சு ராத்திரி பூரா விடுங்க. நியோப்ரீன்ல இந்த வித்தை பலிக்காது, இருட்டு ரூம்ல உள்ள டார்ச் விட்டுப் பாருங்க. தையல் ஓரமா நீளமா ஒழுகினா தயாரிச்ச கம்பெனிக்கே அனுப்புங்க.

## விடுற மீன் நீந்தாம சாயுது

மீனை விடலாமா கூடாதான்னு ஏரிக்கு ஏரி விதி வேற, முதல்லயே கேட்டுக்கோங்க, சில இடத்துல பிடிச்சதைக் கொண்டுதான் போகணும். விடுறதுன்னா கையை நனைச்சுட்டுத் தொடுங்க, தண்ணியை விட்டு வெளிய எடுக்காம ஹூக்கைக் கழட்டுங்க. சாஞ்சா வயிறு கீழ பாக்குற மாதிரி நிமிர்த்திப் பிடிச்சு, வாலடியை லேசா தாங்கிக்கிட்டு, அதுவா உதறிட்டுப் போற வரைக்கும் விடாதீங்க, முன்னும் பின்னும் ஆட்டவும் வேண்டாம். வரிசையா ரெண்டு மூணு மீன் இப்படி ஆனா தண்ணி சூடாயிடுச்சுன்னு அர்த்தம், அன்னிக்கு விட்டுப் பிடிக்கிறதை நிறுத்திடுங்க.

## ஹூக் நம்ம மேலயே மாட்டிடுச்சு

கண்ணுலயோ கண்ணைச் சுத்தியோன்னா தொடாதீங்க, பிடுங்காதீங்க, அசையாம மூடி வச்சு நேரா ஆஸ்பத்திரி. மூஞ்சி, கழுத்து, மூட்டுன்னாலும் டாக்டர்தான். விரல்லயோ கையிலயோ தோலளவுல மாட்டியிருந்து முள்ளும் நசுக்கியிருந்தா போன வழியே பின்னாடி எடுத்துடலாம், சோப்பு போட்டு கழுவிட்டு டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு யோசிங்க. முள் உள்ள புதைஞ்சிருந்தா டிப்பெட்டை வெட்டிட்டு ஃப்ளையோட அப்படியே டாக்டர்கிட்ட போங்க. வீசுறவங்க பக்கத்துல தொப்பியும் கண்ணாடியும் போடாம நிக்காதீங்க, அவங்க ஃப்ளை உங்க கண்ணுக்கும் வரும்.

## ராட் கையில சுருக் சுருக்னு குத்துது, லைன் காத்துலயே மிதக்குது

இதுக்கு மட்டும் வரிசையும் இல்ல, செக்கும் இல்ல. மின்னல் கிட்ட இருக்கு, கார்பன் ராட் கரண்டைக் கடத்தும். ராடை அங்கேயே படுக்கப் போட்டுட்டு தண்ணியை விட்டு ஏறி, தனி மரத்துக்கடியில ஒதுங்காம, காருக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடுங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வந்து ராடை எடுத்துக்கலாம். தலைக்கு மேல கரண்ட் கம்பி போற கரையில எந்த நாள்லயும் வீசாதீங்க.